சொந்தக்காரி லண்டனில்

பதினோரு வருஷம் கட்டினோம்.
செங்கல் வாங்கிய வருஷம் சிமெண்ட் இல்லை.
சிமெண்ட் வாங்கிய வருஷம்
கவேசா தன் லாரியை விற்றான்.
கிரா நகரத்துச் செம்மண் மேட்டில்
கூரையில்லாமல் நின்று
நான்கு மழைக்காலம் குடித்தது எங்கள் வீடு.

முடிந்தபோது ஐந்து படுக்கையறை.
மாடியிலிருந்து பார்த்தால்
தூரத்துக் கம்பாலா
யாரோ இருட்டில் சிந்திவிட்ட எள்.
எல்லாம் முடிந்தது,
வங்கியைத் தவிர.

தரகுக்காரி பிருங்கி வந்தாள்.
குதிகால் செருப்பைக் கழற்றாமல்
எல்லா அறையிலும் டக் டக்கென்று நடந்தாள்.
"மாதம் இரண்டாயிரம். டாலர்.
வெளிநாட்டுக்காரருக்கு விடுவோம்.
நீங்கள்..."
என்று நிறுத்தி
சமையலறை ஜன்னல் வழியே பின்பக்கம் பார்த்தாள்.

அங்கே வேலையாட்களுக்கென்று கட்டிய
இரண்டு அறை.
ஜன்னலைச் சின்னதாக வை, கம்பி மிச்சம் என்று
கொத்தனாரிடம் சொன்னது நான்தான்.
இப்போது அதில்
என் முகம் சரியாகப் பொருந்துகிறது.

டார்பென் டென்மார்க்கிலிருந்து வந்தவர்.
ஊருக்கெல்லாம் தண்ணீர்க்குழாய் போடும் எஞ்சினியர்.
ஐந்து அறைக்கு ஓர் ஆள்.
"வீட்டுக்காரர்கள் லண்டனில்" என்றிருக்கிறாள் பிருங்கி.
பக்கத்திலேயே இருந்தால்
வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பாராம்.
ஆகவே கவேசா தோட்டக்காரன் ஆனான்.
நான் வீட்டைப் பார்த்துக்கொள்பவள்.
பொய் என்று சொல்ல முடியாது,
பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

குளியல் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
கப்பலில் மொம்பாசா வந்து
லாரியில் எல்லை தாண்டி
நான்கு பேர் தூக்கிக்கொண்டு படியேறியது.
நடுவில் ஒருவன் தும்மியபோது
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
அதில் நான் குளித்ததில்லை.
தொட்டி வந்தபோது தண்ணீர் வரவில்லை,
தண்ணீர் வந்தபோது
டார்பென் வந்துவிட்டார்.

மார்ச்சில் ஒருநாள் கதவைத் தட்டினார்.
குழாய் சொட்டுகிறதாம்.
ஊருக்கே குழாய் போடுகிறவர்!
ஸ்பேனரோடு போனேன்.
தொட்டிக்குள் படுத்திருந்தது
அவருடைய சைக்கிள்.
பெடல் வரைக்கும் சேறு,
சங்கிலி வெள்ளைப் பீங்கானில் சாய்ந்தபடி.
நான் ஒன்றும் சொல்லாமல்
வாஷரை மாற்றினேன்.

அவராகவே கேட்டார்,
"வீட்டுக்காரி எப்படிப்பட்டவர்?"
"ரொம்பக் கறார்" என்றேன்.
"ஒரு கீறல் விழுந்தாலும்
முன்பணத்தில் பிடித்துக்கொள்வாள்.
போன ஆளை அழவிட்டுத்தான் அனுப்பினாள்."
போன ஆள் என்று யாரும் இல்லை.
டார்பென் அவசரமாக ஒரு துண்டை எடுத்து
சக்கரத்துக்கு அடியில் செருகினார்.
நல்ல துண்டு.
திரும்பி வரும்போது
எனக்கே அவளைக் கண்டு கொஞ்சம் பயம்.

கிறிஸ்துமஸ் அன்று ஓர் உறை நீட்டினார்,
உள்ளே முப்பதாயிரம் ஷில்லிங்.
"திருப்பிக் கொடு, மானம் போகிறது" என்றான் கவேசா.
அவன் ரோஜாச்செடிக்குத் தனி உறை வந்ததை
என்னிடம் சொல்லவில்லை என்பது
ஜனவரியில் தெரிந்தது.

நான் கணக்கு நோட்டில் எழுதினேன்.
வாடகை, இரண்டாயிரம் டாலர்: வங்கிக்கு.
அதற்குக் கீழே
முப்பதாயிரம் ஷில்லிங்: நந்தோங்கோவுக்கு.
பதினோரு வருஷத்தில்
இந்த வீடு என் கையில் கொடுத்த முதல் காசு.
ஒரு பெரிய சிவப்பு பேசின் வாங்கினேன்.
முழங்காலை மடக்கினால்
உள்ளே உட்காரலாம்.

பெரும்பாலும் ஓர் அறையில்தான் விளக்கு எரியும்,
மூன்றாவது மாடம், கிழக்குப் பக்கம்.
மற்ற நான்கும் இருட்டு.
மின்சாரக் கார்டு அவர் கணக்கு,
சிக்கனமான மனுஷர்.

இன்று கூடத்து விளக்கை அணைக்க மறந்து
தூங்கிவிட்டார்.
போய்த் தட்டிச் சொல்லலாம்.
கவேசாவும் சொன்னான், போய்ச் சொல் என்று.
எரியட்டும், இரு.
அந்த விளக்கு எரிந்தால்தான்
இந்த ஜன்னலிலிருந்து
மாடிப்படியின் வளைவு தெரிகிறது.
அதைக் காகிதத்தில் வரைந்து காட்ட
ஒரு ராத்திரி முழுக்க ஆனது எனக்கு.
கொத்தனார் சிரித்தார்,
பிறகு அப்படியே கட்டினார்.